ட்விட்ச் முகப்பில் சூதாட்ட நேரலைகள் தென்படாமல் செய்ய வழி உண்டா?

கேள்வி

வணக்கம். என் மகளுக்கு 14 வயது. ட்விட்ச் தளத்தில் சதுரங்க நேரலைகளை விரும்பிப் பார்க்கிறாள். நானும் மாலையில் அவளருகே உட்கார்ந்து பார்ப்பதுண்டு. ஆட்டம் முடிந்து முகப்புக்குத் திரும்பினால், செர்ரிப் பழங்களும் 7 என்ற எண்ணும் சுழலும் ஸ்லாட் விளையாட்டுப் படங்கள் வந்து நிற்கின்றன. அரட்டைப் பெட்டியின் கீழுள்ள பற்சக்கரக் குறியைச் சொடுக்கி, அங்கிருந்த வடிகட்டியை இயக்கினேன். வசவுச் சொற்கள் குறைந்தன, ஸ்லாட் படங்கள் குறையவில்லை. சூதாட்டத்தை அங்கே தடை செய்துவிட்டதாகப் படித்த நினைவு. நான் எங்கே தவறவிட்டேன்?

மறுமொழி 1

சகோதரி, நீங்கள் இயக்கியது அரட்டைக்கு மட்டுமான வடிகட்டி. எந்த நேரலை உங்கள் முன் வரவேண்டும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. அதற்கு, கணக்கின் செட்டிங்ஸ் பகுதிக்குள் 'கன்டென்ட் டிஸ்ப்ளே பிரிஃபரன்சஸ்' என்ற தனிப் பக்கம் 2024 பிப்ரவரி முதல் இருக்கிறது. அங்கே சூதாட்டம், பாலியல் கருப்பொருள், போதைப்பொருள் போன்ற வகைகளில் வேண்டாதவற்றை விலக்கினால், அவ்வகை முத்திரை பெற்ற நேரலைகள் பரிந்துரைகளில் வராது.

தடையைப் பற்றிக் கேட்டீர்கள். 2022 அக்டோபரில் வந்த அந்த விதி, அமெரிக்காவிலோ நுகர்வோருக்குப் போதிய பாதுகாப்பு உள்ள பிற நாடுகளிலோ உரிமம் பெறாத ஸ்லாட், ரூலெட், பகடைத் தளங்களைத்தான் விலக்கியது. விளையாட்டுப் பந்தயமும் போக்கரும் அதில் அடங்கவில்லை.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. ஆனால் அந்த முத்திரையை இடுபவர் பெரும்பாலும் ஒளிபரப்பாளரே என்பதையும் மனத்தில் வையுங்கள். 2023 ஜூனில் முத்திரை முறை வந்தபோது, வயது வந்தோருக்கான வீடியோ கேம்களுக்கு மட்டும் விளையாட்டின் பெயரை வைத்தே முத்திரை தானாக விழும்படி செய்தார்கள். மற்றவற்றை ஒளிபரப்புபவரே குறிக்க வேண்டும். அவர் குறிக்காமல் விட்டால் வடிகட்டிக்கு அது தெரியாது. அப்படி ஒன்று தப்பி வந்தால், படத்தருகே உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி 'நாட் இன்ட்ரஸ்டட்' கொடுங்கள். முத்திரை இல்லாததைப் புகாராகவும் அனுப்புங்கள். தொடர்ந்து முத்திரையிடத் தவறுபவர்களின் சேனலில் தளமே முத்திரையைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு இருக்கிறது, ஆகவே அந்தப் புகார் வீண்போகாது.

வீட்டுத் தொலைக்காட்சியிலும் பார்க்கிறீர்களா? அங்கே எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். என் வீட்டில் மடிக்கணினியில் எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும், தொலைக்காட்சியில் கணக்கே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியிலும் கணக்கு இல்லைதான். இப்போது மகளின் கணக்கிலேயே நுழைந்துவிட்டோம். பட்டியலில் எதை விலக்குவது என்பதை அவளையே படிக்கச் சொல்லி, சேர்ந்தே முடிவு செய்தோம். நேற்று முத்திரை இல்லாத ஒரே ஒரு ஸ்லாட் நேரலை வந்தது. அதை அவளே புகார் செய்தாள்.