அமெரிக்கத் தேர்தலில் உங்களால் மறக்க முடியாத ஒரு நிகழ்வு: பகிர்ந்துகொள்ளுங்கள்

ஒஹாயோக்காரி

2020 நவம்பர் தேர்தலில் எங்கள் பகுதி வாக்குச்சாவடியில் அலுவலராகப் பணியாற்றினேன். இந்த மாநிலத்தில் அந்த வேலை பார்த்தவர்களுக்கு நடைமுறை தெரிந்திருக்கும்: ஒரே கட்சிக்காரர்களை மட்டும் வைத்துச் சாவடியை நடத்த முடியாது. நான் ஜனநாயகக் கட்சிக் கணக்கில் வந்தவள். என் பக்கத்து நாற்காலியில் குடியரசுக் கட்சிக் கணக்கில் வந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை.

மதியத்துக்குமேல், காரைவிட்டு இறங்க முடியாத முதியவர் ஒருவர் வந்தார். அப்படிப்பட்டவருக்கு வாக்குச்சீட்டை எடுத்துச்செல்லும்போது இரு கட்சியிலிருந்தும் ஒவ்வொருவர் போக வேண்டும் என்பதால் நாங்கள் இருவரும் போனோம். மூக்கில் ஆக்சிஜன் குழாயுடன் இருந்த அவர், ஸ்டீயரிங்கின் மேல் சீட்டை வைத்து வட்டங்களைக் கறுப்பாக்கத் தொடங்கியதும், ஆசிரியை தம் மழைக்கோட்டைக் கழற்றிக் கார் ஜன்னலை மறைத்துப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்" என்று என்னிடம் சொன்னார். அவர் முடிக்கும்வரை இருவரும் குப்பைத்தொட்டியைப் பார்த்தபடி நின்றோம். இரவு சாவடியை மூடிய பிறகு, இயந்திரம் அச்சிட்டுத் தந்த காகிதச் சுருளில் அடுத்தடுத்துக் கையெழுத்திட்டோம்.

2021 ஜனவரி 6 அன்று மாலை, நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் டிரம்ப் ஆதரவாளர் கூட்டம் புகுந்த காட்சிகளை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ஆசிரியையிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "நம் மேசையில் ஒரு தவறும் நடக்கவில்லை. பென்சில்வேனியாவில்தான் திருடிவிட்டார்கள்." டிரம்ப் வென்ற ஒஹாயோவில் எண்ணிக்கை சரி, தோற்ற பென்சில்வேனியாவில் திருட்டு. அங்கேயும் ஒரு ஆசிரியை மழைக்கோட்டைப் பிடித்திருப்பார் என்று அவருக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை. அந்தச் செய்திக்கு நான் பதில் எழுதவில்லை.

பிட்ஸ்பர்க்வாசி

எங்கள் மாநிலத்தின் பெயர் வந்துவிட்டதால் முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியாவில் சாவடியின் தலைமை அலுவலரையும், பெரும்பான்மை, சிறுபான்மை ஆய்வாளர்கள் இருவரையும் அந்தந்த வட்டார வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சிறுபான்மை ஆய்வாளர் என்ற பதவி இருப்பதே தோற்ற கட்சிக்கும் மேசையில் இடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். 2019இல் வந்த சட்டம் காரணம் கேட்காமலே எல்லோருக்கும் அஞ்சல் வாக்கைக் கொடுத்தது. ஆனால் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்பு அந்த உறைகளைத் தொடக்கூடாது என்ற விதியும் இருந்தது. அஞ்சல் வாக்கை நம்பாதீர்கள் என்று டிரம்ப் மாதக்கணக்கில் சொல்லிவந்ததால் அவருடைய ஆதரவாளர்கள் பெரும்பாலும் நேரில் வந்தார்கள். மறுதரப்பினர் அஞ்சலை நாடினார்கள். எனவே தேர்தல் நாள் இரவு டிரம்ப் முந்துவதும், உறைகளைப் பிரிக்கப் பிரிக்க அந்த முன்னிலை கரைவதும், இறுதியில் பைடன் சுமார் 80,000 வாக்குகளில் வெல்வதும் முன்பே கணித்துச் சொல்லப்பட்டவை. அதைத் திருட்டு என்று நம்பியவரை மழைக்கோட்டை நினைவூட்டி மாற்றிவிட முடியாது, அம்மா.

என் அனுபவம் சிறியது. குடியுரிமை பெற்றதும் எந்தக் கட்சியையும் குறிக்காமல் வாக்காளராகப் பதிந்துகொண்டேன். என் அரசியல் அரசாங்கப் பதிவேட்டில் ஏறுவதில் எனக்கு விருப்பமில்லை. 2021 மே மாதப் பிரைமரியில், அதாவது கட்சி குறித்துப் பதிந்தவர்கள் தங்கள் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில், கட்சி குறித்துப் பதிந்திருந்த என் மனைவிக்கு நீதிபதிகள் முதல் பள்ளி வாரியம் வரை பெயர்கள் நிறைந்த முழுச் சீட்டுக் கிடைத்தது. எனக்கு மாநில அரசியலமைப்புத் திருத்தம் போன்ற கேள்விகள் மட்டும் அச்சிட்ட சீட்டைக் கொடுத்து, "உங்களுக்கு இவ்வளவுதான்" என்றார்கள். பல தொகுதிகளில் பிரைமரியில் வென்றவர்தான் நவம்பரிலும் வெல்வார் என்னும்போது, உண்மையான தேர்வு நடக்கும் அறைக்கு வெளியே என்னை நிறுத்திவிட்டார்கள் என்றே பட்டது. இருந்தும் நான் ஒரு தேர்தலையும் விடுவதில்லை. வாக்களிக்காதவர்கள் சொல்லும் காரணங்களில் முக்கால்வாசி சோம்பல்தான்.

அட்லாண்டா வாசகன்

சோம்பல் என்ற சொல்லை மேலே படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. 2020 ஜூன் பிரைமரியில் அட்லாண்டாவை ஒட்டிய ஒரு பகுதியில் காலையில் வரிசையில் நின்ற நான், வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் கட்டடத்தின் வாசலையே பார்த்தேன். எனக்கு முன்னால் ஒரு கறுப்பினப் பாட்டி. மடக்கு நாற்காலி, குடை, ஐஸ்பெட்டி, மாத்திரை டப்பா எல்லாம் கொண்டுவந்திருந்தார். வரிசை நகரும்போதெல்லாம் நாற்காலியை மடக்கி, நாலடி நகர்ந்து, மறுபடி விரித்து உட்கார்ந்தார். எரிச்சலே இல்லாத அந்த மடக்கலும் விரித்தலும்தான் என் கண்ணில் நிற்கின்றன. எப்படி இவ்வளவு தயாராக வந்தீர்கள் என்று கேட்டேன். "எங்கள் பகுதியில் எப்போதும் இப்படித்தானே" என்று சாதாரணமாகச் சொன்னார். அடுத்த தேர்தலில், வெள்ளையர் அதிகம் வாழும் புறநகருக்கு வீடு மாறியிருந்த நான், காபி ஆறுவதற்குள் வாக்களித்துவிட்டு வந்தேன்.

1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தின்படி ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுவதற்கு முன் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. 2013இல் உச்சநீதிமன்றம் ஷெல்பி கவுன்டி வழக்கில் அந்த ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்தது. 2021இல் ஜார்ஜியா இயற்றிய சட்டம், சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுப்பதையும் குற்றமாக்கியது. வாக்காளரை விலைக்கு வாங்குவதைத் தடுக்கிறோம் என்றார்கள் குடியரசுக் கட்சியினர். நீண்ட வரிசை யாருடைய பகுதியில் நிற்கிறது என்று கேட்டார்கள் மற்றவர்கள். தேர்தல் நாள் செவ்வாய்க்கிழமை என்பது 1845இல் போட்ட சட்டம். இன்றுவரை அது நாடு தழுவிய விடுமுறை நாள் அல்ல. மணிக்கூலிக்காரர் அரை நாள் ஊதியத்தை விட்டுவிட்டு வர வேண்டும். நூற்றாண்டில் காணாத அளவு என்று கொண்டாடப்பட்ட 2020இலேயே தகுதியுள்ளவர்களில் சுமார் 66 விழுக்காட்டினர்தான் வாக்களித்தார்கள். அதிபர் பதவிக்காலத்தின் நடுவே வரும் இடைக்காலத் தேர்தலில், 2014இல், அது 40ஐக்கூடத் தொடவில்லை. மீதிப்பேர் எல்லோருமே சோம்பேறிகளா, ஐயா?

டெக்சாஸ் மாமா

சண்டை வேண்டாம். என் கதை இரண்டே வரி. சக ஊழியர் ஒருவர் ஓட்டுநர் உரிமம் வாங்கப் போன இடத்தில், கவுன்டருக்குப் பின்னால் இருந்தவர் வேகமாகக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தலையாட்டி, வாக்காளர் பதிவிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் குடிமகன் அல்ல, நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டுதான் வைத்திருந்தார். பிறகு குடியுரிமை நேர்காணலில் அதிகாரி அந்தத் தாளை மேசைமேல் திருப்பிவைத்தபோது அவர் முகம் போன போக்கை, வழக்கறிஞரிடம் அவரோடு போயிருந்த நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எச்1பி வேலை விசாவோ கிரீன் கார்டோ வைத்திருப்பவர்கள், "அமெரிக்கக் குடிமகனா" என்ற கட்டத்தை யார் அவசரப்படுத்தினாலும் நின்று படித்த பிறகே குறிக்க வேண்டும்; குடிமகன் அல்லாதவர் மத்தியத் தேர்தலில் வாக்களிப்பது குற்றம், நாடுகடத்தலுக்கும் அது காரணமாகலாம். குடியுரிமை பெற்றவர்கள், உறுதிமொழி எடுத்த அன்றே பதிவுப் படிவத்தை நிரப்பிவிடுங்கள். டெக்சாஸில் தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிவு முடிந்துவிடும், மினசோட்டாவிலோ வாக்களிக்கும் நாளன்றே பதியலாம். வீடு மாறினால் பதிவையும் மாற்றுங்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து முகவரியை உறுதிசெய்யச் சொல்லி அட்டை வந்தால் விளம்பரத்தாள் என்று எறிந்துவிடாதீர்கள். அதற்குப் பதில் அனுப்பாமலும், அடுத்த இரண்டு மத்தியப் பொதுத்தேர்தல்களில் வாக்களிக்காமலும் இருந்தால் பட்டியலிலிருந்து பெயரை நீக்கலாம் என்று 1993ஆம் ஆண்டுச் சட்டமே அனுமதிக்கிறது. மாதிரி வாக்குச்சீட்டை வீட்டிலேயே இறக்கிப் படித்துவிட்டுப் போங்கள். டெக்சாஸில் நீதிபதிகளையும் கட்சிப் பெயரோடு தேர்ந்தெடுக்கிறோம். சீட்டின் நீளத்தைப் பார்த்துச் சாவடிக்குள் திகைத்து நிற்கக் கூடாது. எந்தக் கட்சி என்பது உங்கள் விருப்பம்.

நியூபோர்ட்நியூஸ்

நான் சொல்ல வந்தது 2017இல் வர்ஜீனியாவின் 94ஆவது சட்டமன்றத் தொகுதியைப் பற்றி. மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஒரு வாக்கில் வென்றார். மறுநாள், இரண்டு வேட்பாளர்களுக்கும் வட்டம் கறுப்பாக்கப்பட்டு ஒன்றின்மேல் கோடு கிழித்திருந்த ஒரு சீட்டை நீதிபதிகள் குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சிக்குச் சேர்த்தார்கள். இருவருக்கும் 11,608. 2018 ஜனவரி 4 அன்று இரு பெயர்களையும் பழைய பிலிம் டப்பாக்களில் போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்தார்கள். வந்தது யான்சி பெயர். சட்டமன்றத்தின் பெரும்பான்மை 51க்கு 49 என்று அந்தக் கிண்ணத்தில்தான் முடிவானது.

ஒரு வாக்கின் மதிப்பு என்று இதைப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் இங்கே எழுதுவது அதற்காக அல்ல. குலுக்கலை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அலுவலகச் சிற்றுண்டி அறையில் இரு கட்சிக்காரர்களும் இருந்தார்கள். டப்பாவைத் திறந்ததும் ஒருவரும் கை தட்டவில்லை. சைமண்ட்ஸ் சில நாள்களில் தோல்வியை ஒப்புக்கொண்டார், 2019இல் மறுபடி நின்று வென்றார். ஒஹாயோச் சகோதரி சொன்ன குறுஞ்செய்தி வந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். தோற்றவர் தோற்றேன் என்று சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1896 அதிபர் தேர்தலில் தோற்ற பிரையன், வென்ற மெக்கின்லிக்கு அனுப்பிய தந்தியில் தொடங்கி வழிவழியாக வந்த வழக்கம் அது.

டகோமாபார்க்

மாமாவின் அறிவுரையில் ஒரு சிறு திருத்தம். மத்திய, மாநிலத் தேர்தல்களுக்கு அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் மேரிலாந்தில் நாங்கள் வாழும் டகோமா பார்க் நகரத்தில் 1992 முதல் குடிமக்கள் அல்லாதவர்களும் நகரத் தேர்தலில் வாக்களிக்கலாம். அதற்கு நகர அலுவலகத்தில் தனிப் பட்டியல் இருக்கிறது. 2013இல் வாக்களிக்கும் வயதையும் 16 ஆக்கினார்கள். கிரீன் கார்டோடு முதன்முறை போனபோது, மாமா சொன்னதைப் போன்ற கதைகளைக் கேட்டிருந்த பயத்தில், இது எந்தப் பட்டியல், பிறகு சிக்கல் வராதா என்று திரும்பத்திரும்பக் கேட்டேன். அங்கிருந்த பெண்மணி சலிக்காமல் நகரச் சட்டத்தின் அச்சுப்படியையே எடுத்துக் காட்டினார். அன்று எங்கள் வீட்டிலிருந்து வாக்களித்தவர்கள் குடியுரிமை இல்லாத நானும் பதினாறு வயது மகளும்தான். குடிமகனான என் கணவருக்கு அலுவலகத்தில் வேலை முடியவில்லை.