ஆச்சி வீட்டுக் குழுவில் நாற்பது குரல்

சனிக்கிழமை

ஜெனி, இரவு 9:06
மாமா, முழித்திருக்கிறீர்களா? ஆட்டாவாவில் நேஷனல் கேலரிக்கு வந்தேன். படம் பார்க்க வந்தவள் அரை மணி நேரமாக ஒரே அறையில் நிற்கிறேன்.

ரூபி, 9:07
ஏன் நிற்கிறாய்? உட்கார இடம் இல்லையா?

ஜெனி, 9:10
இருக்கிறது சித்தி. உட்காரத் தோன்றவில்லை. கேலரிக்குள்ளேயே ஒரு பழைய சிற்றாலயத்தை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். 1972இல் ஒரு கான்வென்டை இடித்தபோது அதன் சேப்பலின் உட்புறத்தை மட்டும் துண்டு துண்டாகக் கழற்றி எடுத்து வைத்து, பிறகு இங்கே பொருத்தியதாம். அதற்குள் நாற்பது ஸ்பீக்கர். ஒவ்வொன்றும் ஒரு ஸ்டாண்டில், என் காது உயரத்துக்கு. ஐந்தைந்தாக எட்டுக் கூட்டம், சுற்றிலும். ஒரு ஸ்பீக்கரில் ஒரே ஒரு குரல்.

சாம், 9:10
டாலிஸா?

ஜெனி, 9:11
எப்படி மாமா!

சாம், 9:13
எட்டு ஐந்து நாற்பது என்றால் வேறு யார்? தாமஸ் டாலிஸ், ‘ஸ்பெம் இன் ஆலியம்’. 1570 வாக்கில் இங்கிலாந்தில் எழுதியது. ‘உம்மையன்றி வேறு யார் மேலும் நான் நம்பிக்கை வைத்ததில்லை’ என்று தொடங்கும். நான் சிடியில்தான் கேட்டிருக்கிறேன். நாற்பது குரலை இரண்டு ஸ்பீக்கரில் ஊற்றினால் எப்படி இருக்கும்? கஞ்சி.

ஜெனி, 9:16
இங்கே கஞ்சி இல்லை, பருக்கை பருக்கையாகக் கேட்கிறது. ஜேனட் கார்டிஃப் என்ற கனடாக்காரர் 2001இல் செய்தது. சாலிஸ்பரி கதீட்ரல் கொயரை, அதாவது பாடகர் குழுவை, பாடவைத்து ஒவ்வொரு குரலுக்கும் தனி மைக் வைத்துப் பதிவு செய்திருக்கிறார். மொத்தம் 14 நிமிடம். பாட்டு 11 நிமிடம்தான். மீதி 3 நிமிடம் அவர்கள் இடைவேளையில் பேசிக்கொள்வது.

பியூலா, 9:17
பேசுவதையுமா விட்டு வைத்தார்கள்?

ஜெனி, 9:18
ஆமாம் அம்மா. ஒருவர் தொண்டையைச் செருமுகிறார். சின்னப் பையன்கள் கிசுகிசுக்கிறார்கள். அப்புறம் ஒரு நொடி அமைதி. பிறகு பாட்டு.

பியூலா, 9:18
நம் கொயர் மாதிரியே. அமைதி மட்டும் வராது.

சாம், 9:22
ஜெனி, நடுவில் நிற்காதே. ஒன்றாம் கூட்டத்துக்குப் பக்கத்தில் போ. அங்கேதான் முதல் குரல் வரும். இன்னொன்று அதைப் பிடிக்கும், அடுத்தது அதைப் பிடிக்கும், அப்படியே கூட்டம் கூட்டமாக நகர்ந்து எட்டாவதுக்குப் போகும். நாற்பதும் ஒன்றாகச் சேர்வது நாற்பதாவது பாரில், அதாவது நாற்பதாவது தாளக்கட்டத்தில். பிறகு எட்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்பி வரும். கடைசிப் பகுதிக்கு முன் எல்லாரும் ஒரே சமயத்தில் நிறுத்துவார்கள். அந்த வெற்றிடத்தில் மட்டும் நடுவில் நில்.

எட்வின், 9:25
அப்பா எழுதும் வேகத்தைப் பார்த்தால் இன்றைக்குத் தூக்கம் கிடையாது. ஜெனி, இங்கே லண்டனில் இப்போதுதான் மதியம் நான்கு. நான் டீயோடு உட்கார்ந்துவிட்டேன், நீ சொல்லு.

ரூபி, 9:27
நாற்பது பேருக்கும் தனித்தனி ராகமா? எதற்கு இந்த வேலை?

எட்வின், 9:31
போட்டிதான் அத்தை. ஸ்ட்ரிஜியோ என்ற இத்தாலிக்காரர் 1567இல் லண்டனுக்கு வந்தார். அவரும் நாற்பது குரலுக்கு எழுதியவர். ‘நம் ஆள் ஒருவனால் இப்படி முடியாதா’ என்று ஒரு பிரபு கேட்க, டாலிஸ் எழுதினார் என்று கதை. 1611இல் ஒரு சட்ட மாணவர் எழுதி வைத்த கேள்விப்பட்ட செய்தி அது, நடந்து நாற்பது வருஷம் கழித்து. அதனால் பாதி நம்பலாம். ஸ்ட்ரிஜியோவின் பெரிய மாஸ், அதாவது கத்தோலிக்க வழிபாட்டுக்கான பாடல் தொகுப்பு, ஒன்று காணாமல் போய், 2005இல் பாரிஸ் நூலகத்தில் கிடைத்தது. முழுக்க நாற்பது குரல், முடிவில் அறுபது குரல். பட்டியலில் அவர் பெயரையே தப்பாக எழுதியிருந்தார்களாம், அதனால் யார் கண்ணிலும் படவில்லை. 2007இல் இங்கே ப்ராம்ஸ் இசைவிழாவில் பாடினார்கள்.

ரூபி, 9:32
என் ரேஷன் கார்டு கதைதான். ரூபி என்பதை ரூபாய் என்று அடித்து வைத்தார்களே, திருத்த மூன்று வருஷம் நடந்தேன்.

சாம், 9:33
அந்த மாஸுக்கு நானூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உனக்கு மூன்றுதான்.

ரூபி, 9:36
ஒன்று சொல்லட்டுமா அண்ணே. நான் ஸ்ரீவைகுண்டத்தில் டீச்சராக இருந்தபோது பெருமாள் கோயிலில் பார்த்திருக்கிறேன். பிரபந்தம் சொல்பவர்கள் எதிரெதிராக இரண்டு வரிசை. இந்த வரிசை ஒரு அடி, அந்த வரிசை ஒரு அடி. இது அதுதானே?

சாம், 9:44
வேர் அதுதான் ரூபி. நாம் வேதாகமச் சங்கீதத்தை இந்தப் பக்கம் ஒரு வசனம், அந்தப் பக்கம் ஒரு வசனம் என்று சொல்கிறோமே, அதுவும் அதே வழக்கம். இங்கிலாந்து கதீட்ரல்களில் இன்றைக்கும் கொயரின் இரண்டு பக்கத்துக்கும் டெக்கானி, கான்டோரிஸ் என்று தனிப் பெயர். 1500களில் வட இத்தாலியில் பாதுவா, ட்ரெவீசோ பக்கம் இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனி இசை எழுதிப் பார்த்தார்கள். வெனிஸில் புனித மாற்கு ஆலயத்துக்கு 1527இல் வில்லார்ட் என்ற இசையமைப்பாளர் வந்தார், 1550இல் அப்படிப்பட்ட சங்கீதங்கள் அச்சாகின. இரண்டு ஆர்கன் மாடம் இருந்ததால் அவர்தான் கண்டுபிடித்தார் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். அவருக்கு முன்பே அக்கம்பக்கத்து ஊர்களில் பாடியாயிற்று. அதைப் பெரிய காட்சியாக்கியது கப்ரியேலி என்ற இரண்டு இசையமைப்பாளர்கள், மாமாவும் மருமகனும். மாடம் மாடமாகக் குரலும் ட்ராம்போனும். ஜெர்மனியிலிருந்து ஷூட்ஸ் 1609இல் வந்து அந்த மருமகனிடம் கற்றுக்கொண்டு போய், 1619இல் ஜெர்மன் சங்கீதங்களை அதே பாணியில் எழுதினார்.

பியூலா, 9:45
சாம், மாத்திரை போட்டாயா?

சாம், 9:45
போட்டேன் அக்கா. முக்கியமானதை இன்னும் சொல்லவே இல்லை.

சாம், 9:52
சார்லினோ என்பவர் 1558இல் இதற்கு விதியே எழுதி வைத்தார். கூட்டங்கள் தள்ளித் தள்ளி நிற்கும், அதனால் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டாலும் முழுமையாக இருக்க வேண்டும். எல்லாக் கூட்டமும் சேரும்போது பேஸ்கள், அதாவது அடிக்குரல்கள், ஒரே ஸ்வரத்திலோ எட்டாவதிலோ, சில சமயம் மூன்றாவதிலோ நிற்க வேண்டும். ஐந்தாவது தள்ளி நிற்கக் கூடாது. நம் டோ ரே மி சால்ஃபாவில் சொன்னால், ஒரு பேஸ் ‘டோ’, இன்னொரு பேஸ் ‘சோ’ என்று நிற்கக் கூடாது. ‘சோ’ பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தூரத்து ‘டோ’ எட்டாது. அவருக்கு மொத்தப் பாட்டும் கால் உடைந்த நாற்காலி மாதிரி ஆடும். பாருங்கள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவரின் காதை நினைத்து விதி எழுதியிருக்கிறார். இன்றைக்கு மைக் வைக்கும் ஆட்கள்கூட அதை நினைப்பதில்லை.

எட்வின், 9:54
அப்பாவே நினைக்காத ஒரு கிறிஸ்துமஸ் உண்டே.

ரூபி, 9:54
ஐயோ. அது வேண்டாம்.

ஜெனி, 9:55
எது? எனக்குத் தெரியாதே!

எட்வின், 9:58
நீ அப்போது கைக்குழந்தை. ஒரு சபையில் அப்பா பாதிக் கொயரை மாடிக்கு ஏற்றிவிட்டு, மீதியைப் பீடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நடுவில் முழுக் கோயில். மேலே இருப்பவர்கள் கீழே கேட்டுப் பாட, கீழே இருப்பவர்கள் மேலே கேட்டுப் பாட, பாட்டு இழுத்துக்கொண்டே போயிற்று. போதகர் ஜெபத்துக்கு எழும்பிவிட்டார், மாடியில் இன்னும் ஆமென் ஓடுகிறது.

ரூபி, 9:59
மாடியில் நான் இருந்தேன். ‘ஆ’வில் மாட்டிக்கொண்டேன். வாயை மூடுவதா, ‘மென்’னை முடிப்பதா என்று தெரியவில்லை. முடித்தேன். தனியாக.

ஜெனி, 9:59
சித்தி, கேலரியில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காவலாளி பார்க்கிறார்.

எட்வின், 10:03
கணக்கு எளிது. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளி நின்றால் பத்தில் ஒரு நொடி தாமதம். நீ கேட்டபிறகு பாடினால் அது திரும்பிப் போக இன்னொரு பத்தில் ஒரு நொடி. அவர்கள் உனக்காகக் காத்திருந்தால் இன்னும் கொஞ்சம். ஒரு சரணத்துக்குள் பாட்டு படுத்துவிடும். அதனால் காதை நம்பக் கூடாது, கையைப் பார்த்துப் பாட வேண்டும். இங்கே நான் பாடும் குழுவில் முதல் நாளே அதைத்தான் சொன்னார்கள்.

சாம், 10:05
மாடிக்குத் தெரியும்படி ஒரு ஆளை நிறுத்தி என் கையைப் பார்த்து அடிக்கச் சொல்லியிருந்தால் சரியாகியிருக்கும். அப்போது தெரியவில்லை. ஆனால் ஒன்று, முதல் இரண்டு வரி நன்றாக இருந்தது.

பியூலா, 10:05
இருந்தது. நான் கீழே இருந்தேன். மேலிருந்து வந்தபோது புல்லரித்தது.

ஜெனி, 10:08
இப்போது யாராவது இப்படிப் புதிதாக எழுதுகிறார்களா? இல்லை, டாலிஸையே சுற்றிச் சுற்றி வருகிறார்களா?

எட்வின், 10:15
எழுதுகிறார்கள். டாலிஸ் பிறந்து சுமார் ஐந்நூறு வருஷம் ஆன 2005இல் கேப்ரியல் ஜாக்சன் நாற்பது குரலுக்கு ஒன்று எழுதினார். ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் மக்மில்லனிடம் ஓரா சிங்கர்ஸ் என்ற குழு கேட்டு வாங்கியது ‘வீடி ஆக்வம்’. அதுவும் நாற்பது குரல், டாலிஸுக்குப் பதில் சொல்வதுபோல. 2020இல் கொரோனா நேரத்தில் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பெரிய டர்பைன் ஹாலில் தள்ளித் தள்ளி நின்று பாடிப் படமெடுத்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் இடைவெளி தொல்லையாக இருந்த காலத்தில் இந்தப் பாட்டுக்கு மட்டும் அது தேவையாக இருந்தது.

சாம், 10:16
‘தண்ணீரைக் கண்டேன்’. எசேக்கியேல் 47. ஆலயத்தின் வலது பக்கத்திலிருந்து தண்ணீர் வரும்.

பியூலா, 10:17
முதலில் கணுக்கால் அளவு, அப்புறம் முழங்கால், அப்புறம் இடுப்பு, கடைசியில் நீச்சல் ஆழம். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தது.

சாம், 10:19
நாற்பது குரலுக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் கிடைக்காது. ஆனால் எட்வின், நாற்பது என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு எழுதுவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. எண்ணிக்கை கூடினால் பனிமூட்டம்தான் மிஞ்சும். நான் கேட்ட சில புதுப் பாட்டுகளில் ஐந்து பேர் செய்வதை நாற்பது பேர் செய்கிறார்கள்.

எட்வின், 10:21
ஒத்துக்கொள்கிறேன். எனக்குப் பிடித்தது இரண்டு கொயர்தான். ஃபிராங்க் மார்ட்டினின் மாஸ். சுவிஸ்காரர். 1922இல் எழுதி, கடைசிப் பகுதியை 1926இல் சேர்த்தார். அது தனக்கும் கடவுளுக்கும் இடையிலான விஷயம் என்று உள்ளே வைத்துவிட்டார். 1963இல்தான் ஹாம்பர்க்கில் முதலில் முழுதாகப் பாடினார்கள். கடைசிப் பகுதியில் ஒரு கொயர் நடை போடுவதுபோல ஒரே தாளத்தில் போகும், இன்னொன்று அதன் மேல் நீளமாகப் பாடும். எட்டுக் குரலில் முடித்துவிட்டார்.

ரூபி, 10:22
முப்பத்தேழு வருஷம் டிராயரிலா?

பியூலா, 10:24
டிராயர் என்றதும் ஞாபகம் வருகிறது. சாம், அம்மா ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடிய கேசட் உன்னிடம்தானே இருந்தது? அந்த மாடி கிறிஸ்துமஸுக்கு முந்தின வருஷத்துது.

சாம், 10:25
எட்வின் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். இரு, தேடுகிறேன்.

ஜெனி, 10:31
அதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். இடது பக்கம் நான்காவது கூட்டத்தில் ஒரு ஆல்டோ ஸ்பீக்கர். காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். உயிரோடு இருக்கும் ஆளிடம் அவ்வளவு கிட்டப் போக முடியாது, வெட்கமாக இருக்கும். அந்தக் குரல் பாடும் நேரத்தைவிடச் சும்மா இருக்கும் நேரம் அதிகம். சுற்றிலும் எல்லாரும் பாடுகிறார்கள், இது காத்திருக்கிறது. அப்புறம் சின்னதாக ஒரு மூச்சு. உள்ளே வந்துவிடுகிறது. ஆள் யாரென்று தெரியாது. ஆனால் அந்த மூச்சு எனக்குத் தெரியும் போல இருந்தது.

சாம், 10:33
அதுதான் கார்டிஃப் அம்மாள் செய்த புதுமை. பாட்டில் ஒரு ஸ்வரம்கூட மாற்றவில்லை, கேட்பவரை எழுப்பி நடக்கவிட்டார். புதிதாக எழுதியவர்களைவிட இவர் டாலிஸுக்குக் கிட்டப் போய்விட்டார் என்பேன்.

எட்வின், 10:34
ஆனால் ஸ்பீக்கர் உன்னைப் பார்க்காது அப்பா. நாங்கள் பாடும்போது எதிர்க் கொயரின் கண்ணைப் பார்த்துத்தான் நுழைவோம். அது இதில் இல்லை.

சாம், 10:35
இல்லைதான். கிடைத்துவிட்டது, அனுப்புகிறேன்.

சாம், 10:36
[ஒலிக்கோப்பு 4:10]

ஜெனி, 10:42
பெஞ்சில் உட்கார்ந்து இயர்ஃபோனில் கேட்டேன். மாமா, இதில் ஆச்சி எங்கே? எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது.

சாம், 10:43
முப்பது பேருக்கு ஒரே டேப் ரெக்கார்டர், அதுவும் கடைசி பெஞ்சில் வைத்தது. பிரிக்க முடியாது.

பியூலா, 10:47
1:52. மூன்றாவது சரணத்துக்கு முன்னால். அம்மாவுக்கு இளைப்பு இருந்ததால் எல்லாருக்கும் முந்தி மூச்சு எடுப்பார்கள். மற்றவர்கள் எடுப்பதற்கு அரை நொடி முன்னால், தனியாகக் கேட்கும்.

ஜெனி, 10:49
அம்மா. கேட்கிறது.

ரூபி, 10:50
எனக்கு ஃபேன் சத்தம்தான் கேட்கிறது.

சாம், 10:50
ஃபேனை நிறுத்து.

ரூபி, 10:52
நிறுத்திவிட்டேன். முதலிலிருந்து போடுகிறேன்.