அந்தரங்க உரையாடல் பற்றிய சமூகவியல் வாசிப்பு: உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வகுப்பு தயார் செய்கிறேன். இரண்டு பேர் தனியாகப் பேசிக்கொள்வதற்குச் சமூகக் கோட்பாட்டில் என்ன இடம் என்பதுதான் பொருள்.

பொதுவாக எல்லோரும் ஜெர்மன் சிந்தனையாளர் ஹேபர்மாஸ் பொதுவெளி பற்றி 1962-இல் எழுதிய நூல், அதில் வரும் லண்டன் காபிக் கடை விவாதங்கள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது முக்கியம்தான், ஆனால் அங்கே பேச்சு ஏற்கெனவே பொது இடமான கடைக்கு வந்துவிடுகிறது. எனக்கு அதற்கு முந்தைய படியான தனிப்பேச்சு வேண்டும். பிரான்சில் சமூகவியலாளர் கேப்ரியல் தார்த் 1901-லேயே அதைத் தொட்டுவிட்டார். எந்தக் காரியமும் ஆக வேண்டியதில்லாமல், பேசுவதற்காகவே பேசும் பேச்சைத்தான் அவர் உரையாடல் என்றார். பத்திரிகை என்ன எழுதினாலும், நாலு பேர் அதைப் பற்றிப் பேசாவிட்டால் அது பொதுக்கருத்தாக மாறாது என்பது அவர் வாதம். இவ்வளவு பெரிய விஷயம் பாடத்திட்டங்களில் ஓரமாகக் கிடப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அப்புறம் அமெரிக்காவில் இதே விஷயத்தைக் களத்தில் ஆராய்ந்த சமூகவியலாளர்கள் லாசர்ஸ்ஃபெல்டும் காட்ஸும். இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் ஊரில் 1945-இல் சுமார் 800 பெண்களிடம் கள ஆய்வு நடந்தது. அதைப் பற்றிய அவர்கள் நூல் 1955-இல் வந்தது. மளிகைச் சாமான், உடை, சினிமா, பொது விவகாரம் இவற்றில் யார் பேச்சைக் கேட்டு மனம் மாறினீர்கள் என்று கேட்டார்கள். சொல்லப்பட்ட ஆட்களையும் தேடிப்போய் விசாரித்தார்கள். இதை மாணவர்கள் நிச்சயம் ரசிப்பார்கள்.

எனக்கு வேண்டியது: தார்த் பற்றித் தமிழில் கட்டுரையோ மொழிபெயர்ப்போ இருந்தால் சொல்லுங்கள். வீட்டுக்குள் நடக்கும் பேச்சைப் பதிவு செய்து ஆய்வு செய்தவர்கள் இங்கே இருந்தால், ஆட்களிடம் எப்படி அனுமதி கேட்டீர்கள், ரெக்கார்டர் ஓடும்போது பேச்சு மாறாமலிருக்க என்ன செய்தீர்கள் என்றும் எழுதுங்கள். சின்னக் குறிப்பாக இருந்தாலும் போதும்.