மாரன்ட்ஸ் ரிமோட் கம்பியில் 36 கிலோஹெர்ட்ஸ் ஓடுகிறதா?

வெள்ளிமுகப்பு:
பழைய மாரன்ட்ஸ் ஆம்ப்ளிஃபையரை அலமாரிக்குள் வைத்துவிட்டு, பின்புற ரிமோட் சாக்கெட்டில் வெளியிலிருந்து எந்தச் சிக்னலைக் கொடுத்தாலும் வேலை செய்யும் என்றும், ரிமோட் அனுப்பும் அதே 36 கிலோஹெர்ட்ஸ்தான் அந்தக் கம்பியிலும் ஓடுகிறது என்றும் காந்தநாடா அவர்கள் புதியவர் ஒருவருக்கு அடித்துச் சொல்லியிருக்கிறார். இதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பிலிப்ஸின் ஆர்சி-5 குறியீடு, அதாவது ரிமோட் கட்டளைகளை எழுதும் முறை, அறைக்குள் ஒளியாகப் பயணிக்கும்போதுதான் அதற்கு 36 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலை, அதாவது கட்டளையைச் சுமந்து செல்லும் வேகமான துடிப்பு, தேவைப்படுகிறது. முகப்பிலுள்ள சென்சார் அதை நீக்கிவிடுகிறது. கம்பியில் வருவது வெறும் 14 பிட்கள் மட்டுமே.

காந்தநாடா:
நான் ரிமோட் ஒளியை உமிழும் எல்இடியை ஆம்ப்ளிஃபையரின் முகத்தில் ஒட்டி ரிமோட்டை நீட்டித்திருக்கிறேன். இன்றுவரை வேலை செய்கிறது. 36 இல்லாமல் அது எப்படி நடக்கும் என்பதை ஆசிரியர் விளக்கட்டும்.

வெள்ளிமுகப்பு:
முகத்தில் ஒட்டினால் சென்சார் பார்க்கிறது, ஆகவே ஊர்தி அலை வேண்டும். பின்புற சாக்கெட்டுக்குச் சென்சாரே இல்லை, ஆகவே வேண்டாம். நான் சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் அலைகாட்டியை வைத்துப் பார்த்தேன்: 0.889 மில்லிவினாடி அகலத்தில் மொட்டையான கட்டங்கள் தெரிந்தன. ஊர்தி அலை இருந்திருந்தால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 32 சிறு துடிப்புகள் சீப்புப் பற்களைப் போலத் தெரிந்திருக்கும். ஒன்றுகூட இல்லை.

காந்தநாடா:
அந்த அலைகாட்டியை யாரிடம் வாங்கினீர்கள் என்று எங்களுக்கும் தெரியும். அதில் 36 கிலோஹெர்ட்ஸ் தெரிந்தால்தான் ஆச்சரியம்.

ஊசிமுனை:
இருவரும் சற்றுப் பொறுங்கள். என்னிடம் பயனியர் டியூனரும் இருக்கிறது. அதன் எஸ்ஆர் எனப்படும் ரிமோட் சாக்கெட்டையும் மாரன்ட்ஸையும் ஒரு கம்பியால் இணைத்தால் ஒரே ரிமோட்டில் முடிந்துவிடுமல்லவா?

வெள்ளிமுகப்பு:
முடியாது. பயனியர் 3.5 மி.மீ. ஜாக் வைத்தது, மாரன்ட்ஸ் ஆர்சிஏ என்ற வேறு வகைச் சாக்கெட் வைத்தது. அதைக்கூட மாற்றிக்கொள்ளலாம், ஆனால் குறியீடே வேறு. ஆர்சி-5இல் கட்டளை எந்தக் கருவிக்கு என்பதைச் சொல்ல ஒரு முகவரி எண் உண்டு: முன்பெருக்கிக்கு (ப்ரீஆம்ப்) 16, டியூனருக்கு 17, சிடி பிளேயருக்கு 20. இவை எதுவும் பயனியருக்குப் புரியாது. ஆனால் இரண்டு கம்பிகளிலும் ஊர்தி அலை இல்லை என்பது மட்டும் பொது. 36 இல்லை, இல்லை, இல்லை.

ஊசிமுனை:
முகவரியெல்லாம் சரி. நீங்கள் எனக்கு விற்ற ஆம்ப்ளிஃபையரில் ரிமோட்டை அழுத்தினால் வால்யூம் மோட்டார் சுற்றுகிறது, குமிழ் நகரவே மறுக்கிறது. அதற்கும் ஊர்தி அலைதான் காரணமா?

வெள்ளிமுகப்பு:
கையாலும் திருப்ப முடியவேண்டும் என்பதற்காக மோட்டாருக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு கிளட்ச் வைத்திருக்கிறார்கள், அது வழுக்குகிறது. விற்கும்போது நன்றாகத்தான் இருந்தது. குமிழை முரட்டுத்தனமாகத் திருப்பியவர் யார் என்பதை உங்கள் வீட்டில் விசாரியுங்கள்.

காந்தநாடா:
பார்த்தீர்களா, விற்ற பொருளுக்கே பொறுப்பேற்காதவர் கம்பிக்குள் என்ன ஓடுகிறது என்று நமக்குப் பாடம் எடுக்கிறார். 36 ஓடுகிறது.

வெள்ளிமுகப்பு:
அப்படியானால் பின்புற ஸ்விட்சை வெளி உள்ளீட்டுக்குத் தள்ளி, உங்கள் 36ஐ அப்படியே சாக்கெட்டில் கொடுத்து, ஒரே ஒரு முறை வால்யூமைக் கூட்டிக் காட்டுங்கள். ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பதையாவது அறிவீர்கள் என நம்புகிறேன்.

ஊசிமுனை:
எந்த வால்யூமை? என்னுடையது இன்னும் நகரவில்லை.