சிஎக்ஸ்சிஎல்12 புரதத்துடன் என் முதல் ஆறு வாரங்கள்

ஆய்வு மாணவனாகச் சேர்ந்த முதல் ஆண்டில், டி செல்கள் ஒரு வேதிச் சமிக்ஞையை நோக்கி எவ்வளவு நகர்கின்றன என்பதை அளக்கும் பணி எனக்குத் தரப்பட்டது. அதற்காக எங்கள் ஆய்வகம் வாங்கியது சிஎக்ஸ்சிஎல்12 என்னும் மனிதக் கீமோகைன், அதாவது செல்களைத் தன்னை நோக்கி ஈர்க்கும் சமிக்ஞைப் புரதம். பழைய ஆய்வுக் கட்டுரைகளில் இது எஸ்டிஎஃப்-1 ஆல்ஃபா என்ற பெயரில் இருக்கும். 68 அமினோ அமிலங்களும் ஏறத்தாழ 8 கிலோடால்டன் எடையும் கொண்ட இந்தச் சிறிய புரதத்தை, அதற்குரிய மனித மரபணு வரிசையை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தித் தயாரித்து, சுத்திகரித்து, உறையவைத்து உலர்த்திய நிலையில் அனுப்புகிறார்கள்.

குப்பியில் 10 மைக்ரோகிராம் இருப்பதாக ஒட்டுத்தாளில் அச்சிட்டிருந்தது. கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தபோதுதான் அடியில் மூச்சுக்காற்றுப் பட்ட கண்ணாடியைப் போல ஒரு மங்கல் தெரிந்தது. மூடியில் ஒட்டியிருக்கும் துகளை இழந்துவிடாமல் இருக்க, திறப்பதற்கு முன் மையவிலக்கியில் சற்றுச் சுற்றவேண்டும் என்று மூத்த மாணவி ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அதைச் சரியாகச் செய்தேன். அதன் பிறகு செய்ததுதான் தவறு.

5 மைக்ரான் துளைகள் கொண்ட சவ்வின் மேல் அறையில் ஜர்காட் என்னும் ஆய்வக டி செல்களையும் கீழ் அறையில் புரதக் கரைசலையும் வைத்து, 37 டிகிரியில் நான்கு மணி நேரம் விட்டு, கீழே இறங்கிய செல்களை எண்ணினேன். புரதம் இட்ட குழியிலும் இடாத குழியிலும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அளவைக் கூட்டினேன், மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் வரை சென்றும் பலனில்லை. ஆறு வாரம் இப்படியே கழிந்தது. குப்பியில் வந்த புரதமே செயலிழந்தது என்று முடிவு செய்து, விற்ற நிறுவனத்துக்குப் புகார்க் கடிதமும் எழுதி வைத்திருந்தேன்.

கடிதத்தைப் படித்த என் நெறியாளர், "இதை எதில் கரைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். வெறும் நீரில் கரைத்து, சாதாரணப் பிளாஸ்டிக் குழாய்களில் நீர்த்திருந்தேன். கீமோகைன்கள் மிகுந்த நேர்மின்னேற்றம் உடையவை. துணைப் புரதம் இல்லாத நீர்த்த கரைசலில் அவை குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். நான் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் என்று குறித்துவைத்த குழிக்கு உண்மையில் எவ்வளவு சென்றது என்று இன்று சொல்லவே முடியாது. அளவைக் கண்மண் தெரியாமல் கூட்டியதும் உதவவில்லை, ஏனெனில் இந்தப் புரதத்துக்குச் செல்கள் காட்டும் வினை மணி வடிவிலானது: ஓர் உச்சத்துக்குப் பிறகு செல்லின் மேற்பரப்பில் இப்புரதத்தை உணரும் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பிகள் உணர்விழந்து செல்லுக்குள் இழுக்கப்பட, நகர்வு மீண்டும் குறைந்துவிடும். நான் முதலில் உச்சத்துக்கு வெகு கீழேயும் பிறகு வெகு மேலேயும் நின்றிருந்தேன்.

இரண்டாவது குப்பியை துணைப் புரதமாக 0.1 சதவீத மாட்டுச் சீரம் அல்புமின் கலந்த கரைசலில் கரைத்து, சிறு பங்குகளாகப் பிரித்து, மீண்டும் மீண்டும் உறைந்து உருகாதபடி மைனஸ் 80 டிகிரியில் வைத்தேன். சீரம் கலந்த ஊடகத்தையும் தவிர்த்தேன். சீரத்தில் உள்ள டிபிபி-4 நொதி இப்புரதத்தின் முதல் இரண்டு அமினோ அமிலங்களை வெட்டிவிடும், அந்த முனை இல்லாவிட்டால் ஏற்பியைத் தூண்டும் திறனே போய்விடும். மில்லிலிட்டருக்கு 10, 30, 100, 300, 1000 நானோகிராம் என்று வரிசையாக வைத்தபோது 100-இல் எண்ணிக்கை தெளிவாக உயர்ந்து, 1000-இல் விழுந்தது. மேல் அறையிலும் அதே அளவு புரதத்தை இட்ட குழிகளில் செல்கள் அதிகம் இறங்கவில்லை. ஆகவே அவை வெறுமனே அலையவில்லை, திசையறிந்து வந்தன.

கடைசிக் கட்டுப்பாட்டுச் சோதனையாக ஒரு வரிசைச் செல்களுக்கு முன்கூட்டியே ஏஎம்டி3100 இட்டேன். பிளெரிக்சாஃபோர் என்ற பெயரில் 2008-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துதான் அது. எலும்பு மஜ்ஜையில் ஸ்டெம் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் இதே சிஎக்ஸ்சிஎல்12–சிஎக்ஸ்சிஆர்4 பிணைப்பைத் துண்டித்து, ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்காக அவற்றை இரத்தத்துக்குள் வரவழைக்கிறது. அன்று மாலை அந்தக் குழிகளின் கீழ் அறைத் திரவத்தை எண்ணும் கண்ணாடியில் ஏற்றிப் பார்த்தேன். கட்டங்கள் ஏறக்குறைய காலியாக இருந்தன. மருந்து இடாத பக்கத்துக் குழியின் திரவத்தில், வட்ட வட்டமாக, எண்ணி முடிக்க நேரமெடுக்கும் அளவுக்குச் செல்கள் இருந்தன. புகார்க் கடிதத்தை அன்றிரவே அழித்தேன்.