பொருள்: புரொபேட் கோர்ட் ஆவணங்கள் – தமிழில் என்ன சொல்லலாம்? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உறவினர் இறந்து, சொத்து விவரம் தெரியாமல் ஊரிலிருந்து எழுதிக் கேட்கும் குடும்பங்களுக்காக நான்கு பக்கக் குறிப்பு ஒன்று தயாரிக்கிறோம். படிக்கப்போவது பெரும்பாலும் வயதான பெற்றோர். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்), ஒவ்வொன்றுக்கும் ஒரு புரொபேட் கோர்ட். உயிலை உறுதி செய்வது, உயில் இல்லாதபோது சொத்தை நிர்வகிக்க ஆளை நியமிப்பது, இறந்தவரின் மனைவிக்கோ கணவருக்கோ, சிறு பிள்ளைகளுக்கும் ஓராண்டுச் செலவுக்குச் சொத்திலிருந்து ஒதுக்கித் தருவது, எல்லாம் அங்கேதான். திருமண உரிமமும் துப்பாக்கி உரிமமும்கூட அதே அலுவலகத்தில் வாங்கலாம். டாலிவர் கவுண்டி போன்ற இடங்களில் மொத்த மக்கள்தொகையே 1,600-க்குக் கீழே. அங்கெல்லாம் இணையத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்பதால் கோப்பே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. தொலைபேசியில் கூப்பிட்டு, இறந்தவரின் முழுப்பெயரையும் ஆண்டையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

எனக்கு வேண்டியவை மூன்று சொற்கள்: அந்த நீதிமன்றத்துக்கு, அங்கே இருக்கும் கோப்புக்கு, முத்திரையிட்டுத் தரும் நகலுக்கு. இப்போதைக்கு 'உயில் மெய்ப்பு நீதிமன்றம்' என்று போட்டிருக்கிறேன். மெய்ப்பு என்றால் அச்சுப்பிழை திருத்துவது என்கிறார் என் மனைவி.

செ., அட்லாண்டா

*

செ. அவர்களுக்கு,

மெய்ப்பை விடுங்கள். முதலில் 'உயில்' தமிழா? ஆங்கில 'வில்' நம் வாயில் விழுந்து உயிலானது. கலைச்சொல்லின் முதல் பாதியே கடன் என்றால் இரண்டாம் பாதியைத் தூய்மையாக்கி என்ன பயன்?

என் பரிந்துரை 'எச்சம்'. 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தால் காணப்படும்' என்கிறது குறள். ஒருவர் விட்டுச்செல்வது எச்சம். பிள்ளையும் எச்சம், சொத்தும் எச்சம். இலக்கணத்தைப் பாருங்கள்: வினையெச்சம் முடிக்கும் வினைக்காகக் காத்து நிற்கிறது. இறந்தவரின் பாதியில் நின்ற கணக்கை முடித்து வைப்பதுதானே அந்த நீதிமன்றத்தின் வேலை? எனவே 'எச்ச நீதிமன்றம்'.

கூடவே ஒன்று. வாரிசே இல்லாத சொத்து கடைசியில் பொதுவுக்குப் போகிறதே, அதற்கு 'உறுபொருள்' என்று வள்ளுவரே சொல் தந்திருக்கிறார். உடையவர் இல்லாததால் தானே வந்து சேர்ந்த பொருள் என்பது பரிமேலழகர் உரை. இதையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

மு., தஞ்சாவூர்

*

மு. ஐயாவுக்கு வணக்கம்.

'எச்ச நீதிமன்றம்' என்று பலகை மாட்டினால் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் காக்கையைத் தவிர வேறெதையும் நினைக்க மாட்டார்கள். சொல் ஆழமானதுதான், ஆனால் அந்த ஆழத்துக்கு இறங்க, குறிப்பைப் படிக்கும் அம்மா அப்பாவுக்கு நேரமில்லை.

உயில் கடன்சொல்லாகவே இருக்கட்டும், நூறு வருடமாக நம் வீட்டில் சாப்பிடுகிறது. (ஒரு காலத்தில் 'உய்' என்ற வேரிலிருந்து வந்தது, உரிமையாளர் போனபின்னும் சொத்து உய்வதற்கான ஏற்பாடு என்று ஓர் ஆசிரியர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். நாங்களும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினோம்.)

க., மதுரை

*

வணக்கம்.

இலங்கையில் நாங்கள் இதற்காக இவ்வளவு சண்டை பிடிப்பதில்லை. உயிலுக்கு மரணசாதனம் என்று ஊரில் பழைய ஆட்கள் சொல்வார்கள். அது வடமொழி என்று மு. ஐயா கோபிக்கக் கூடும். ஆனால் நிரூபிப்பதற்கு 'எண்பித்தல்' என்ற சொல் எங்கள் சட்டத் தமிழில் புழக்கத்தில் உண்டு. 'உயில் எண்பிப்பு' என்று போட்டால் அச்சகக் குழப்பமும் வராது.

ந., ரொறன்ரோ

*

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் முப்பது வருடமாக நடமாடுகிறேன். அங்கே புரொபேட்டுக்குப் பெயர் புரொபேட். கட்சிக்காரர், குமாஸ்தா, கேன்டீன்காரர் உட்பட. நீங்கள் எதை அச்சிட்டாலும் 'புரொபேட்' பக்கத்தில் நிற்கட்டும். இல்லையென்றால் அந்தக் கவுண்டி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிடும் அப்பா 'எண்பிப்பு கோர்ட்டா?' என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

என் உண்மையான ஆட்சேபம் வேறு. நீதிமன்றத்தின் பெயரில் உயிலைப் போட்டால், உயில் எழுதாமல் இறந்த மகனின் பெற்றோர், 'நமக்கு அங்கே வேலை இல்லை' என்று குறிப்பை மடித்து வைத்துவிடுவார்கள். நாற்பது வயதில் விபத்தில் போகிறவர்களில் எத்தனை பேர் உயில் எழுதியிருப்பார்கள்? உயில் இல்லாத கோப்பும் அதே நீதிமன்றத்தில்தான் இருக்கும். அது பல நேரம் இன்னும் தடிமனாகவே இருக்கும்: நிர்வாகி நியமன ஆணை, அவர் கட்டிய பிணைப்பத்திரம், சொத்துப் பட்டியல், வாரிசுகள் பட்டியல், இறுதிக் கணக்கு. 'இறந்தவர் சொத்து நீதிமன்றம்' என்று போடுங்கள். அழகில்லை, ஆனால் யாரும் தப்பிப்போக மாட்டார்கள்.

வ., சென்னை

*

வ. சொல்வதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் 'இறந்தவர் சொத்து' என்பது கலைச்சொல் அல்ல, விளக்கம். விளக்கத்தைக் கலைச்சொல்லாக்கத் தொடங்கினால் தொடர்வண்டி நிலையம் 'வண்டி வந்து நிற்கும் இடம்' ஆகிவிடும்.

கவுண்டிக்கு ஏன் தமிழ் வைக்கவில்லை? சோழர் காலத்து நாடு, கூற்றம் எல்லாம் இதுபோன்ற ஆட்சிப் பிரிவுகள்தான். கூற்றம் என்று ஆளலாம்.

மு., தஞ்சாவூர்

*

ஐயா, கூற்றம் என்றால் எமனும்தான். மகனை இழந்தவர்களுக்கு அனுப்பும் தாளில் 'உங்கள் மகன் எந்தக் கூற்றத்தில் வசித்தார்?' என்று அச்சிடச் சொல்கிறீர்களா?

க., மதுரை

*

கூற்றத்தை இத்துடன் முடித்துக்கொள்வோமா? கவுண்டி கவுண்டியாகவே இருக்கட்டும். அதற்கே வேறு தலைவலி இருக்கிறது. டாலிவர் கவுண்டியை ஆங்கில எழுத்தில் பார்த்தால் 'டாலியாஃபெரோ' என்றுதான் படிப்போம். தமிழில் ஒலிப்பை மட்டும் எழுதினால் இணையத்தில் தேடுகிறவருக்குக் கிடைக்காது, எழுத்தை மட்டும் எழுதினால் தொலைபேசியில் புரியாது. இரண்டையும் போடப்போகிறேன்.

எந்தக் கவுண்டி என்பதை முடிவு செய்வது இறந்தவர் வசித்த ஊர், உயிர் பிரிந்த மருத்துவமனை இருக்கும் ஊர் அல்ல. இது பெரிய எழுத்தில் வரும். இன்னொன்று பெயர். நம் தலைப்பெழுத்துகள் அங்கே என்ன ஆகின்றன என்று சொல்ல முடியாது. அப்பா பெயர் குடும்பப் பெயராகி, கோப்பு அந்த எழுத்தில் அடுக்கப்பட்டிருக்கும். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்திருக்கும், அதுவே கோப்பிலும் ஏறியிருக்கலாம். ஆகவே அப்பா பெயர், சொந்தப் பெயர், 'எஃப்.என்.யு.' மூன்றிலும் தேடித் தரச் சொல்லுங்கள் என்று எழுதுகிறேன்.

நகலுக்குச் சொல் யாரும் தரவில்லையே?

செ., அட்லாண்டா

*

நகலுக்கா சொல் இல்லை? பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட கதையை நினைத்துப் பாருங்கள். 'நீ என் அடிமை' என்று கிழவர் ஒருவர் காட்டிய ஆளோலையை மணப்பந்தலில் சுந்தரர் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழவர் கலங்கவில்லை. கிழிந்தது படியோலை, மூலவோலை தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் அந்த மூலவோலையை, சுந்தரரின் பாட்டனார் எழுதிக் காப்பில் இருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுக் கையெழுத்து ஒன்றே என்று தீர்ப்பாகிறது. இறந்துபோனவர் எழுத்தை அவையில் உறுதி செய்தது! புரொபேட் என்பது இதுவேயன்றி வேறென்ன? மூலவோலை, படியோலை. எடுத்துக்கொள்ளுங்கள்.

மு., தஞ்சாவூர்

*

மு. ஐயாவோடு முதல் தடவையாக ஒத்துப்போகிறேன், ஓலையைக் கழித்துவிட்டு. மூலம், படி. ஆனால் அமெரிக்கப் படியில் மூன்று வகை உண்டு. வெறும் படி. எழுத்தர் முத்திரையிட்ட சான்றுப்படி. மூன்றாவதில் எழுத்தர் சான்றளிப்பார், அவர் எழுத்தர்தான் என்று நீதிபதி சான்றளிப்பார், அவர் நீதிபதிதான் என்று எழுத்தர் திரும்பவும் சான்றளிப்பார். இதற்கு 'முச்சான்றுப்படி' என்றால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அங்கே உறுதியான உயிலை வைத்து இங்கே உள்ள சொத்துக்கு நிர்வாக ஆணை வாங்க இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 228-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கு முறையாகச் சான்றளித்த படி வேண்டும். அபோஸ்டில் முத்திரையும் (ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான சான்று) வாங்கச் சொல்லுங்கள், 2005 முதல் இந்தியா அதற்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இருக்கிறது. வெறும் படியோடு வந்து நிற்பவர்களைத் திருப்பி அனுப்பி எனக்கு அலுத்துவிட்டது.

வ., சென்னை

*

முச்சான்றுப்படி அருமை. எண்பிப்பை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

ந., ரொறன்ரோ

*

நண்பர்களே, தாள் இன்று போகிறது. தலைப்பில் 'புரொபேட் (உயில் மெய்ப்பு) நீதிமன்றம்'. க., ந. உட்பட நால்வர் தனிமடலில் சரி என்றார்கள், உற்சாகமாக யாரும் சொல்லவில்லை. அதற்குக் கீழேயே தடித்த எழுத்தில்: 'உயில் இல்லாவிட்டாலும் கோப்பு இங்கேதான் இருக்கும்'. கோப்புக்கு 'இறந்தவர் சொத்துக் கோப்பு'. சான்றுப்படி, முச்சான்றுப்படி இரண்டும் உண்டு. உறுபொருளுக்கு இடமில்லை, மன்னிக்கவும் மு. ஐயா.

செ., அட்லாண்டா

*

தலைப்பில் உயில், அடியில் 'உயில் இல்லாவிட்டாலும்'. பெயரே தப்பு என்பதற்கு உங்கள் தடித்த எழுத்தைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அடுத்த பதிப்பிலாவது மாற்றுங்கள்.

வ., சென்னை

*

அடுத்த பதிப்பு என்றால் எச்சத்தையும் மறுபரிசீலனைக்கு எடுக்க வேண்டும். அப்புறம், 'எழுத்தர்' என்கிறீர்களே, அந்த ஊரில் அவர் செய்வது கணக்கர் வேலையா, கரணத்தார் வேலையா? நாளை விரிவாக எழுதுகிறேன்.

மு., தஞ்சாவூர்