கண்ணாடியில் பொறித்திருந்த எண்: லேசர் கூடத்து அனுபவங்கள்

எழுதியவர்: ஒளியியல் ஆய்வு மாணவர்

ஆய்வில் சேர்ந்த புதிதில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துவிட்டால் லேசரைப் பற்றி வேறு கவலை வேண்டாம் என்று உறுதியாக நம்பியிருந்தேன். எங்கள் மேசையில் இருந்தது பச்சை ஒளி தரும் துடிப்பு லேசர், அதாவது ஒளியைத் தொடர்ந்து விடாமல் மிகக் குறுகிய துடிப்புகளாக விடுவது. அதன் மூல ஒளி 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு. ஒரு படிகத்தின் வழியே செல்லும்போது அதன் ஒரு பகுதியின் அலைநீளம் பாதியாகி, 532 நானோமீட்டர் பச்சையாக வெளிவரும். என் ஆரஞ்சு நிறக் கண்ணாடியின் ஓரத்தில் 532 என்றும், ஒளியியல் அடர்த்தி 6 என்றும் பொறித்திருந்தது. 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளியே உள்ளே வரும். அந்தத் தைரியத்தில் ஆடியைத் திருகக் குனிந்தேன்.

மூத்த மாணவி என் தோளைத் தொட்டு நிறுத்தினார். பச்சை ஒளியை மட்டும் ஒரு வடிகட்டியால் தடுத்துவிட்டு, எதுவுமே இல்லாததுபோல் தெரிந்த இடத்தில் அகச்சிவப்பு உணர் அட்டையை நீட்டினார். அட்டையின் நடுவே கடுகளவு ஆரஞ்சுப் புள்ளி விட்டுவிட்டு ஒளிர்ந்தது. "தம்பி, உன் கண்ணாடி தடுப்பது 532ஐ மட்டும்தான். பச்சையாக மாறாமல் எஞ்சியது இதோ வந்துகொண்டிருக்கிறது" என்றார். இரண்டு அலைநீளங்களும் பொறித்த கண்ணாடியைக் கொடுத்த பிறகே என்னை மேசையருகில் விட்டார்.

ஒளியியல் அடர்த்தி என்பது அலைநீளத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் பொருள் தரும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஏறத்தாழ 400 முதல் 1400 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைக் கண் தடுக்காமல் உள்ளே விட்டு, விழித்திரையில் ஒரு லட்சம் மடங்கு வரை செறிவாகக் குவித்துவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியாக இருந்தால் கால் வினாடிக்குள் இமை மூடிக்கொள்ளும். லேசர்களை ஆபத்தின் அளவுப்படி வகுப்பு 1 முதல் 4 வரை பிரிப்பார்கள். 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத வகுப்பு 2 லேசர் சுட்டிகள் அந்த இமைப்பை நம்பித்தான் வகுக்கப்பட்டுள்ளன. அகச்சிவப்பு தெரியாது, ஆகவே இமையும் மூடாது. விழித்திரைக்கு வலி உணரும் நரம்பும் கிடையாது.

ஆற்றலையும் திறனையும் குழப்பிக்கொள்ளும் வழக்கமும் என்னிடம் இருந்தது. ஒரு துடிப்பில் 10 மில்லிஜூல் ஆற்றல் என்றால் அற்பமாகத் தோன்றும். அதுவே 10 நானோவினாடிக்குள் வெளிப்பட்டால், அந்த நேரத்துக்குத் திறன் பத்து லட்சம் வாட். இதைப் புதியவர்களை ஒருமுறை தாளில் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எழுதியவர்: வெட்டு இயந்திரப் பராமரிப்பாளர்

மாணவ நண்பருக்கு நன்றி. என்னைத் தடுமாற வைத்தது "வகுப்பு 1" என்ற சொல். நான் பழுதுபார்க்கும் கரியமில வாயு லேசர் இயந்திரத்தின் மேல் அப்படித்தான் ஒட்டியிருந்தது. இயல்பான பயன்பாட்டில் தீங்கில்லாதது என்பது அதன் பொருள். ஆனால் அந்த மதிப்பு மூடியிருக்கும் பெட்டிக்கு உரியது. உள்ளே இருப்பதோ 500 மில்லிவாட் எல்லையைப் பல மடங்கு தாண்டிய வகுப்பு 4. பக்கத் தகட்டைக் கழற்றி, கதவு திறந்தால் லேசரை நிறுத்தும் மின்தடுப்பையும் விலக்கிவிட்டு இயக்கினேன். அந்த நொடியில் என் முன் இருந்தது வகுப்பு 4 லேசர்.

உள்ளே ஓர் அலுமினியத் தகடு கிடந்தது. பளபளப்பில்லாத சொரசொரப்பான தகடு. ஒளி பட்டால் எல்லாப் பக்கமும் சிதறும், ஒரே திசையில் திரும்பாது என்று எண்ணினேன். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அது சரி. இந்த லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர், பச்சை ஒளியைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு. அத்தனை நீண்ட அலைக்கு அந்தச் சொரசொரப்பு வழவழப்பே. கதிர் ஆடியில் பட்டதுபோல் திரும்பி, என் முன்கையில் சட்டைத் துணியோடு சேர்த்து ஒரு கோடு இழுத்தது. இந்த அலைநீளம் விழித்திரை வரை போவதில்லை, கருவிழியின் மேற்பரப்பையே சுடும். முகம் சற்றுக் கீழே இருந்திருந்தால் அந்தக் கோடு அங்கே விழுந்திருக்கும். இப்போது பக்கத் தகட்டைக் கழற்றுமுன் மின்னிணைப்பைத் துண்டித்து, சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.